பாவமே இல்லாத கார்

கால்வினுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு நிமிஷ அதிர்ச்சி. அவனுடையது இல்லை, அடுத்தவர்களுடையது. வாய் திறந்திருக்க வேண்டும், கண் விரிந்திருக்க வேண்டும், முடிந்தால் யாராவது ஒருவர் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் படம் பிடித்துக் கொடுத்துவிட்டால் கோலாலம்பூரில் ஷர்வினின் வீடியோ குழுவில் வேலை. கொடுக்காவிட்டால், ஈப்போவில் அப்பாவின் நண்பர் நடத்தும் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களிடம் "காது தெரியணும், சிரிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே மிச்ச ஆயுளைக் கழிக்கலாம்.

ஷர்வினுக்குத் தொழில், காரை நிறுத்துவது. அவனிடம் ஒரு சிவப்பு கார் இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு குதிரைச் சக்தி. உயரம் என்னவோ இடுப்பளவுதான். விலையைக் கேட்டால் கேட்டவர்தான் உட்கார வேண்டியிருக்கும். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்துவான். கூட்டம் வாய் பிளக்கும். பிளந்த வாய்களை வீடியோவாகப் போடுவான். அதைப் பார்க்கிறவர்கள் இன்னொரு தடவை பிளப்பார்கள். ஜோகூரில் பிளந்தார்கள், பினாங்கில் பிளந்தார்கள். ஈப்போ இருக்கிற பேராக்கில் மட்டும் யாரும் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

"பாஸ், எங்க ஆளுங்ககிட்ட கொண்டு வாங்க" என்று வாக்குக் கொடுத்திருந்தான் கால்வின். "கார் பைத்தியம்னா அப்படி ஒரு பைத்தியம். சாவு வீட்ல கூட கார்பரேட்டர் பத்தித்தான் பேசுவாங்க. உங்க காரைப் பார்த்தா நாலு பேரையாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் பின்னால் அவனுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

பத்து காஜா ஊருக்குப் போகிற வழியில் உள்ளே திரும்பினால் கோணப்பாலத் தோட்டம். ரப்பரெல்லாம் போய் இப்போது எண்ணெய்க்கான செம்பனை. நடுவில் ஒரு சின்னக் கோயில், வழிப்போக்கர்களுக்குத் துணையான புனித கிறிஸ்தோபருக்கு. ஜூலை மாதத் திருநாளன்று அங்கே வண்டி மந்திரிப்பார்கள். ஈப்போ, தாப்பா, ஆயர் தாவார் என்று பிரிந்து போனவர்களெல்லாம் அன்றைக்கு வண்டியோடு வந்து வரிசையில் நிற்பார்கள். ஏற்கெனவே மந்திரித்த வண்டிதான். ஆனாலும் வருஷா வருஷம் பாவம் சேர்ந்துவிடுகிறதே.

பாவம் என்று சும்மா சொல்லவில்லை. எந்தக் காலத்திலோ இருந்த ஒரு பங்குச் சாமியார் கொஞ்சம் விளையாட்டுப் பேர்வழி. "மனுஷன் பாவத்தைச் சொன்னாத்தானே மன்னிப்பு? வண்டி மட்டும் சும்மா வந்து நின்னா எப்படி?" என்று கேட்டுவைத்தார். அன்றிலிருந்து அதுவே சட்டமாகிப்போனது. வண்டிக்காரர் பானெட்டைத் திறக்க வேண்டும். வண்டியின் குறை ஒன்றை எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். ஃபாதர் இஞ்சின் மேல் தீர்த்தம் தெளிப்பார். பிறகு, சொன்ன குறை என்னவோ அதன் மேல் மொத்த ஜனமும் விழும். சோறு ஆறிப்போகும் வரைக்கும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

வண்டிகளுக்கு பைபிளிலிருந்து பெயரும் உண்டு. பெரியநாயகத்தின் வண்டி லாசர். அவர் ஆயர் தாவாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியர். அந்த வண்டியை "செத்துப்போச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று பட்டறைக்காரன் கைவிரித்த நாலாம் நாள் அது எழுந்து வந்தது. பல் டாக்டர் பெட்ரீசியாவின் வண்டி யோனா. தாப்பா வெள்ளத்தில் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்து, வெளியே வந்த பிறகும் சொன்ன இடத்துக்குப் போக யோசிக்கும். கால்வினுக்கும் ஒரு குட்டிக் கார் இருந்தது. அதன் பெயர் இராயப்பர், இயேசுவை மறுதலித்த சீடரின் பெயர். காலையில் மூன்று தடவை மறுதலித்த பிறகுதான் ஸ்டார்ட் ஆகும். அன்றைக்கு அதைக் கோயிலுக்குப் பின்னால் வாழைமர மறைவில் நிறுத்தி வைத்தான். பாஸ் கண்ணில் பட வேண்டாமே என்று.

"ஏன் லா ஒளிச்சு வைக்கிற? கடன்காரன் வாரானா?" என்றாள் அக்கா ஜானிஸ்.

"சும்மா இரு. கார் வந்ததும் உன் போன்லயும் எடு. எனக்கு முகம் முக்கியம்."

"யாரோட முகம்?"

"எல்லாரோட முகமும்."

பத்து மணிவாக்கில் கோணப்பாலத்துப் பக்கம் ஒரு உறுமல் கேட்டது. காண்டாமிருகம் கொட்டாவி விட்ட மாதிரி. செம்பனைக்குள்ளிருந்து நாலைந்து பறவை எழுந்து பறந்தது. கால்வின் போனைத் தூக்கிப் பிடித்து, ஜனத்தின் பக்கம் திருப்பினான்.

திரையில் முகமே இல்லை. முதுகுகள் தெரிந்தன. ஃபாதர் வரும்வரைகூடப் பொறுக்காமல் நாற்பது பேரும் லாசரின் பானெட்டுக்குள் குனிந்திருந்தார்கள்.

சிவப்பு கார் மெல்ல உருண்டு வந்து லாசருக்குப் பக்கத்திலேயே நின்றது. கதவு பக்கவாட்டில் திறக்காமல், வண்டுக்குச் சிறகு விரிகிற மாதிரி மேலே எழுந்தது. ஷர்வின் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாக இறங்கினான். இறங்கினான் என்றா சொல்வது, ஏறி வந்தான்.

"இன்னொரு தடவை போடுங்க பார்ப்போம்" என்றது பெட்ரீசியாவின் குரல், பானெட்டுக்குள்ளிருந்து.

பெரியநாயகம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இடது சிக்னலைப் போட்டார். ரேடியோ பாட ஆரம்பித்தது.

"அலாமா!" என்றார்கள் அத்தனை பேரும்.

"இப்ப ஹார்ன்."

ஹார்ன் அடித்தார். பாட்டு நின்றது. நாற்பது வாய் திறந்திருந்தது. ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கால்வினுக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தது, பானெட்டுக்குள்ளே, தலைகுப்புற.

அவன் தொண்டையைச் செருமினான். "ஆண்ட்டி, இங்க பாருங்களேன்."

பெட்ரீசியா நிமிர்ந்தாள். சிவப்பு காரைப் பார்த்தாள். ஷர்வின் தயாராகச் சிரித்தான். "தம்பி," என்றாள் மரியாதையாக, "கொஞ்சம் பின்னால எடுக்கிறீங்களா? வெளிச்சத்தை மறைக்குது."

ஷர்வின் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு கால்வினைப் பார்த்தான். கால்வினுக்குக் காது சூடாகிவிட்டது. கூச்சத்தில் சொல்கிறாள், இன்னும் மூளைக்கு எட்டவில்லை, எட்டினதும் விழுவாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

எட்டிய பிறகும் விழவில்லை.

"ஆண்ட்டி, நூறைத் தொட ரெண்டே வினாடிதான்!"

"எங்க போய்த் தொடும்? அந்தா அங்க ஒரு வேகத்தடை, அதுக்கு அந்தப் பக்கம் இன்னொண்ணு."

"ஹைவேயில தொடலாம்ல?"

"தொட்டா போலீஸ் நம்மளைத் தொடுவான்."

பெரியநாயகத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கால்வின் போனை அவர் முகத்துக்கு நேராக வைத்தான்.

"நல்லா இருக்கு" என்றார் பெரியநாயகம். இன்னும் ஏதாவது சொல்லாவிட்டால் விருந்தாளிக்கு மரியாதை இல்லை என்று தோன்றியது போலும். யோசித்து, "சிவப்பு" என்றார்.

"ஏதாவது கேளுங்க அங்கிள்!"

"எங்க கொடுத்துப் பழுது பார்க்கிறீங்க தம்பி?"

ஷர்வினுக்கு இந்தக் கேள்வி பிடித்தது. நெஞ்சை நிமிர்த்தினான். "நம்ம ஊர்ல யாரும் தொட முடியாது அங்கிள். கம்பெனியில இருந்தே ஆள் வருவாங்க. ப்ளேன்ல. லேப்டாப்போட."

"நீங்க?"

"நான் தொட்டா வாரண்டி போயிடும்."

பெரியநாயகத்தின் முகம் வாடிவிட்டது. தூரத்து உறவில் யாருக்கோ மோசமான வியாதி என்று கேள்விப்பட்ட மாதிரி ஷர்வினின் தோளைத் தொட்டார். "ஐயோ பாவம்" என்றார். பிறகு லாசரின் பக்கம் நடந்தார். கல்யாண மேடையில் ஏறி, பெண் ரொம்ப அழகு என்று சொல்லிவிட்டு, பந்தி எங்கே என்று தேடிப் போகிற நடை.

கால்வினால் தாங்க முடியவில்லை. பெட்ரீசியாவைக் கைகழுவுகிற குழாயடியில் மடக்கினான். "ஆண்ட்டி, நிஜமாவே உங்களுக்கு ஒண்ணும் தோணலையா? நீங்கதானே ஒரு பழைய டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்காக கமுந்திங் வரைக்கும் ரெண்டு தடவை போனீங்க?"

"மூணு தடவை. முதல்ல கொடுத்தது பொருந்தல."

"அப்புறம் இதைப் பார்த்து?"

பெட்ரீசியா கையை உதறிக்கொண்டே யோசித்தாள். "இங்க பாரு, ஒரு நாளைக்கு எத்தனையோ வாய் பார்க்கிறேன். ஒரு சொத்தையும் இல்லாத வாயோட ஒருத்தன் வந்து உட்கார்ந்தா என்ன செய்வேன்? நல்லா இருக்கு, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிடுவேன். அந்த வாயைப் பத்தி வீட்ல போய் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இந்த யோனா இருக்கே, இதோட கிளட்சைப் பத்தி நான் கனவே கண்டிருக்கேன்."

"ஆனா அது உலகத்துலயே வேகமான கார்கள்ல ஒண்ணு!"

"இருக்கட்டும். சந்தோஷம். நமக்கு அங்க என்ன வேலை சொல்லு?"

குழாயடியில் கால்வின் தனியாக நின்றான். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரிந்த உலகத்தில், ஐஸ்கிரீம் பிடித்தவனுக்குப் பெரிய ஐஸ்கிரீம் இன்னும் பிடிக்கும். கார் பிடித்தவனுக்குப் பெரிய கார் இன்னும் பிடிக்க வேண்டும். இது கணக்கு. கணக்கு எந்த இடத்தில் உடைந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அதற்குள் ஃபாதர் அங்கி மாற்றிக்கொண்டு, தீர்த்த வாளியைப் பீடப்பையன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வரிசை நகர்ந்தது. லாசருக்காகப் பெரியநாயகம் சிக்னலையும் ரேடியோவையும் ஒப்புக்கொண்டார். "பாட்டு பக்திப் பாட்டா?" என்று கேட்டார் ஃபாதர். "இல்ல ஃபாதர்." "அப்போ குறைதான்" என்று தெளித்தார். யோனா கிளட்சைச் சொன்னது. அடுத்தது சிவப்பு கார்.

இங்கேதான் வாய் திறக்கும் என்று கால்வினுக்கு நம்பிக்கை வந்தது. ஃபாதரும் மனுஷன்தானே. போனைத் தயாராக வைத்துக்கொண்டான்.

"பானெட்" என்றார் ஃபாதர்.

ஷர்வின் சாவியை அமுக்கினான். முன்பக்கம் தானாக எழுந்தது. உள்ளே ஒரு பள்ளம், ஒரு கைப்பை வைக்கலாம்.

ஃபாதர் எட்டிப் பார்த்தார். "இஞ்சின்?"

"பின்னால ஃபாதர்."

"பின்னால திறங்க."

"அது திறக்க முடியாது ஃபாதர். கம்பெனி ஆள்தான்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"கண்ணாடி வழியா."

வரிசையில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். ஃபாதர் தீர்த்தக் கோலைத் தோய்த்தார். ஷர்வின் ரெண்டு கையையும் விரித்துக் குறுக்கே வந்தான். "ஃபாதர், பெயிண்ட்ல தண்ணி பட்டா கறை நிக்கும். காத்துல காட்டினா போதாதா?"

ஃபாதர் கோலைத் தாழ்த்தினார். "சரி. குறையைச் சொல்லுங்க."

"குறையே இல்ல."

"ஒண்ணு கூட?"

"பெர்ஃபெக்ட் ஃபாதர்."

"பாவமே இல்ல?"

"இல்ல ஃபாதர்."

"நல்லது" என்றார் ஃபாதர். "மாதாவுக்கு அப்புறம் இப்பத்தான் கேள்விப்படறேன்." தலையைக் குனிந்து காருக்கு ஒரு வணக்கம் போட்டார். "அப்போ எனக்கு இங்க வேலை இல்ல." அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அது ஒரு கோழி வேன். அதற்கு ஏழெட்டுக் குறை. ஜனம் சந்தோஷமாகப் பின்னால் போனது.

சிவப்பு காருக்குப் பக்கத்தில் ரெண்டே ரெண்டு பேர் வாய் பிளந்து நின்றார்கள். ஒருவன் ஷர்வின், இன்னொருவன் கால்வின்.

"ப்ரோ," என்றான் ஷர்வின், கண்ணாடியைக் கழற்றிவிட்டு. "ஜோகூர்ல ஒரு அங்கிள் மயக்கம் போட்டு விழுந்தார், தெரியுமா?"

"வெயிலா இருக்கும்" என்றாள் ஜானிஸ், கையில் சிரப்புத் தண்ணியோடு.

"உங்க ஊர்ல எல்லாருக்கும் உயிர் இருக்கா இல்லையா? சாப்பாட்டு நேரம் வரைக்கும் பார்க்கிறேன். முகம் கிடைச்சா வேலை. இல்லைன்னா நான் கிளம்பறேன், நீ பாஸ்போர்ட் படம் எடுத்துட்டு இரு."

கால்வின் ஜானிஸைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, ஒரே ஒரு தடவை. காரைப் பார்த்து வாயைத் திற. மிச்சத்தை நான் வெட்டி ஒட்டிக்கிறேன்."

"சோறு வரட்டும், திறக்கிறேன்."

வரிசையின் கடைசி வண்டி அப்போதுதான் செம்பனைக்குள்ளிருந்து வந்தது. ஒரு லாரி. வண்டியை ஏற்றி இறக்குகிற, பின்னால் சாய்கிற தளம் வைத்த லாரி. ஓட்டி வந்தவன் கமுந்திங்கைச் சேர்ந்த தனேஷ் என்று ஒருவன். அவனை யாரும் கூப்பிடவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் நிழலில் காத்திருந்திருக்கிறான். ஆட்டுக்கறி வாசனை பாலத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. விசாரித்ததில், மந்திரிக்கிற இடத்தில் எந்தச் சாமி கும்பிடுகிறவனுக்கும் சோறு உண்டு, முதலில் வரிசையில் நிற்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நின்றுவிட்டான்.

ஷர்வின் அந்த லாரியைப் பார்த்ததும் வெளுத்துப்போனான். "இவன் ஏன் உள்ள வந்தான்?" என்றான், உதடு அசையாமல்.

"யாரு பாஸ்?" என்றான் கால்வின்.

"குறையைச் சொல்லுங்க" என்றார் ஃபாதர்.

தனேஷ் சட்டையைச் சரிசெய்துகொண்டான். இந்த மாதிரி இடத்தில் பேசிப் பழக்கமில்லை என்பதால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். "ஏத்துற தளம் பாதியில நின்னுடுதுங்க சாமி. எண்ணெய் ஒழுகுது. காலையில கூட இந்தச் சிவப்பு காரை இறக்கும்போது பாதியில நின்னு, கீழ லேசாத் தட்டுச்சு."

தீர்த்தக் கோல் அந்தரத்தில் நின்றது.

நாற்பது தலை ஒரே நேரத்தில் சிவப்பு காரின் பக்கம் திரும்பியது.

"இறக்கும்போதா?" என்றார் பெரியநாயகம். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. "எங்கிருந்து?"

"கோலாலம்பூர்ல இருந்துங்க. பாலத்துக்கிட்ட இறக்கிட்டேன். அதுக்கப்புறம் அவரே ஓட்டிட்டு வந்தாரு."

"பாலத்துல இருந்து இங்க வரைக்கும்."

"ஆமாங்க."

அப்போது திறந்தது. ஒவ்வொன்றாக இல்லை, ஒரே சமயத்தில், அடுக்கி வைத்த பானைகளின் மூடியை எடுத்த மாதிரி. பெட்ரீசியாவின் கை நெஞ்சுக்குப் போனது. பெரியநாயகம் ரெண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். கோழி வேன்காரர் பக்கத்திலிருந்தவரைப் பிடித்துக்கொண்டார். ஜானிஸின் கண்ணாடி டம்ளரிலிருந்து சிரப்பு வழிந்து செருப்பில் விழுந்தது, அவளுக்குத் தெரியவில்லை. ஃபாதர் சிலுவை போட்டுக்கொண்டார். இவ்வளவு நேரமும் நாற்காலி மாதிரி பார்த்த காரை இப்போது எல்லாரும் பார்த்தார்கள், கட்டிப்போட்டு வளர்த்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி.

"தம்பி," என்றாள் பெட்ரீசியா, "ஓட்டிட்டு வரலையா நீங்க?"

"கிலோமீட்டர் ஏறினா மதிப்பு இறங்கும் ஆண்ட்டி. ஹைவேயில கல் வேற தெறிக்கும்."

"அப்போ எப்பத்தான் ஓட்டுவீங்க?"

ஷர்வின் காரின் கூரையைச் சட்டைக் கையால் துடைத்தான். "வீடியோவுக்கு."



கால்வின் வாழ்க்கையில் அப்படிப்பட்ட முகங்களைப் பார்த்ததில்லை. ஜோகூர், பினாங்கு எல்லாம் கிட்டவே வர முடியாது. இதுதான், இதேதான், ஒரு நிமிஷத்துக்கு மேலேயே இருக்கிறது என்று அவன் மூளையின் ஒரு மூலை கத்திக்கொண்டிருந்தது. மற்ற மூலையெல்லாம் வேறொன்றில் கிடந்தது. ஆயிரத்து ஐந்நூறு குதிரையை லாரியிலா ஏற்றிக்கொண்டு வந்தான்? இராயப்பர்கூட மூன்று தடவை மறுதலித்துவிட்டுத் தன் காலால்தானே வருகிறது?

பிறகு ஜனம் கலைந்தது. நேராக லாரிக்குத்தான். அந்த அதிர்ச்சிக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது. பெரியநாயகம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "எண்ணெய் எங்கிருந்து ஒழுகுது, காட்டுங்க அண்ணே" என்று தனேஷைப் பெருமைப்படுத்தினார். தளத்தை இறக்கச் சொன்னார்கள். அது சொன்னபடியே பாதியில் நின்றது. "ஆ!" என்று மகிழ்ந்துபோய், பத்துப் பேர் அடியில் புகுந்தார்கள்.

"எடுத்தியா?" ஷர்வின் கால்வினின் கையைப் பிடித்தான். "எடுத்தியா ப்ரோ? சத்தத்தை எடுத்துட்டா பிரமாதமா இருக்கும். முகம் மட்டும் போதும். காட்டு."

கால்வின் போனைப் பார்த்தான். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு நிமிஷம் சொச்சத்துக்கு, துல்லியமாக, அசையாமல், அவனுடைய இடது கால் செருப்பைப் படம் பிடித்திருந்தது.

ஷர்வின் அதை முழுக்கப் பார்த்தான். நடுவில் ஒரு எறும்பு வந்தது.

"நான் அப்படியே நின்னுட்டேன் பாஸ்" என்றான் கால்வின்.

"நீ அப்படியே நில்லு" என்றான் ஷர்வின். "திங்கட்கிழமையும் இங்கயே நில்லு." தனேஷைக் கூப்பிட்டான். லாரிக்கு அடியிலிருந்து பதில் வந்தது, தளம் இப்போதைக்கு அசையாதாம், நாலு மணியாகுமாம். ஷர்வின் காருக்குள் இறங்கினான். கதவு மூடியது. கோலாலம்பூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற யோசனை அவன் முகத்தில் தெரிந்தது, கண்ணாடி வழியாக, பாவமாக.

கால்வினுக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று காத்திருந்தான். வேலை போய்விட்டது, போட்டோ ஸ்டூடியோ கண்முன் தெரிந்தது, காதுகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. சிவப்பு கார் நடக்கிற வேகத்தில் புறப்பட்டு, முதல் வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கியது.

டக்.

கால்வின் தலையைத் தூக்கினான்.

டக். டக்கடக்க, டக்.

லாரிக்கு அடியில் நாலைந்து தலை இரும்பில் முட்டிய சத்தம் கேட்டது. பெரியநாயகத்தின் முகம் சக்கரத்துக்குப் பக்கத்தில் வெளியே வந்தது, எண்ணெய்ப் பூச்சோடு. "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றாள் பெட்ரீசியா.

"முன்பக்கம்."

"வலது."

"அடித்தகடு லா! காலையில தட்டுச்சுன்னானே!" என்று கத்தியது கால்வின்தான். கத்திய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

அந்த வார்த்தைக்காகவே காத்திருந்த மாதிரி எல்லாரும் எழுந்து ஓடினார்கள். பெட்ரீசியா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். பெரியநாயகம் கையில் ஸ்பானரோடு ஓடினார். கோழி வேன்காரர் ஓடினார். அங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஃபாதர் ஓடினார், மறு கையில் தீர்த்தக் கோல். எல்லாருக்கும் முன்னால் கால்வின். "நிறுத்துங்க! பாஸ், நிறுத்துங்க! ஒரு போல்ட்தான்!" நாற்பது பேரும் கத்தினார்கள். நாற்பது பேர் முகத்திலும் அப்படி ஒரு பாசம்.

கார் கொஞ்சம் மெதுவானது. கண்ணாடி இறங்கியது. ஒரு கை வெளியே வந்தது. கையில் போன். போன் அவர்கள் பக்கம் திரும்பி, நிதானமாக, இடமிருந்து வலமாகப் போனது. பிறகு கை உள்ளே போய், கார் உறுமிக்கொண்டு கோணப்பாலத்தைத் தாண்டிவிட்டது.

யாரும் உடனே திரும்பவில்லை. சுண்ணாம்புக் குன்றுப் பக்கமாக அந்த டக்டக் தேய்ந்து போகும் வரைக்கும், பஸ் ஏற்றிவிட்ட உறவுக்காரரைப் பார்க்கிற மாதிரி நின்று கேட்டார்கள். "நல்ல வண்டி" என்றார் பெரியநாயகம், மூச்சு வாங்க. "தெரியாமப் போச்சு."

நாலு மணிக்கு லாரித் தளம் ஏறி இறங்கியது. கைதட்டல் ஓய்ந்தபோது கால்வினின் போன் அதிர்ந்தது. ஷர்வின் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அதிரடி மேளத்தோடு, மெதுவாக்கி ஓடவிட்டு: பேராக் ஜனம் சிவப்பு காரைத் துரத்துகிறது. ஸ்பானர் ஆடுகிறது. ஒரு சாமியார் தெளிக்கிறார். எல்லா வாயும் திறந்திருக்கிறது. முன்னால் வருகிற வாய் கால்வினுடையது. அதுதான் ரொம்பப் பெரிதாகத் திறந்திருக்கிறது.

கீழே எழுதியிருந்தான்: "ப்ரோ! கடைசியில கொடுத்துட்டீங்களே! கேஷுவலா இருந்துட்டு அப்புறம் துரத்துனீங்க பாருங்க, சூப்பர். திங்கள் வந்துடு."

கால்வின் அதை ரெண்டு தடவை பார்த்தான். மூன்றாவது தடவை போனைக் காதில் வைத்துப் பார்த்தான்.

"என்னடா?" என்றாள் ஜானிஸ்.

"வேலை கிடைச்சிருச்சு."

"அதை விடு," என்றார் பெரியநாயகம், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கிட்ட வந்து. "சத்தம் எப்படி இருக்கு? இன்னும் ஆடுதா?"

"மேளம் போட்டு மூடிட்டான் அங்கிள். கேக்கல."

விஷயம் பரவி எல்லாரும் வந்துவிட்டார்கள். நாற்பது பேரும் போனைச் சுற்றிக் குனிந்தார்கள், பானெட்டுக்குள் குனிகிற மாதிரியே. கால்வின் டைப் செய்தான்: "திங்கள் வாரேன் பாஸ். பத்தாம் நம்பர் ஸ்பானர் கொண்டு வாரேன்."

"பன்னெண்டும் எடுத்துட்டுப் போ" என்றாள் பெட்ரீசியா.

பதில் உடனே வந்தது. கால்வின் வாய் திறந்து படிக்கவில்லை, போனைத் திருப்பிக் காட்டினான்.

"எதுக்கு?"

பெரியநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டு திரும்பவும் படித்தார். காலையில் லாரி விஷயம் கேட்டபோது இருந்த அதே முகம், அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

"எதுக்குன்னு கேக்கிறான்" என்றார்.